நிற்றல் சிக்கல் தீராதது என்றால் 4,71,76,870 எங்கிருந்து வந்தது?

அரைப்புள்ளி:
ஒரு டூரிங் இயந்திரம் (நாடாவில் குறிகளைப் படித்தும் எழுதியும் நகரும் கற்பனைக் கணினி) நிற்குமா நிற்காதா என்று தீர்மானிக்க எந்த நிரலாலும் முடியாது என்பது பாடம். ஆனால் 2024 ஜூலை 2 அன்று, ஐந்து நிலை 'பிஸி பீவர்' மதிப்பு (ஐந்து உள்நிலைகள் கொண்ட, வெற்று நாடாவில் தொடங்கி நிற்கக்கூடிய இயந்திரங்கள் ஓடும் அதிகபட்சப் படிகள்) 4,71,76,870 என்று நிறுவப்பட்டுவிட்டதாக அறிவித்தார்கள். அந்த எண்ணைச் சொல்ல வேண்டுமானால் ஐந்து நிலை கொண்ட ஒவ்வோர் இயந்திரமும் நிற்குமா நிற்காதா என்று தெரிந்திருக்க வேண்டும். அப்படியென்றால் பாடம் தவறா, அறிவிப்பு தவறா?

மூலைவிட்டம்:
இரண்டும் சரி. பாடத்தை நீங்கள் சொல்லும் விதத்தில்தான் ஓட்டை இருக்கிறது. 'தீர்மானிக்க இயலாது' என்பது ஒரு தனிக் கேள்வியின் குணம் அல்ல. முடிவில்லாத கேள்விகளின் கணம் ஒன்றின் குணம்.

ஒரே ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிரல்களை எழுதுங்கள். முதல் நிரல் 'நிற்கும்' என்று அச்சிட்டு முடியும். இரண்டாவது 'நிற்காது' என்று அச்சிட்டு முடியும். இரண்டில் ஒன்று சரியான நிரல். ஆக அந்த ஒற்றைக் கேள்விக்கு நிரல் உண்டு. பத்து இயந்திரங்கள் என்றால் பத்து விடைகளை வரிசையாக அச்சிடும் 1,024 நிரல்களில் ஒன்று சரி. ஐந்து நிலை இயந்திரங்கள் எத்தனை இருந்தாலும் அவை முடிவுள்ள எண்ணிக்கைதான். ஆகவே அவற்றுக்கும் ஒரு விடைப்பட்டியல் உண்டு. இல்லாதது, எல்லா நிலை எண்ணிக்கைக்கும் பொதுவாக அந்தப் பட்டியலைத் தயாரித்துத் தரும் ஒரே நிரல்.

பூஜ்யம்:
இது கண்கட்டு வித்தை. 'இரண்டில் ஒன்று சரி' என்கிறீர்கள், எது என்று சொல்லவில்லை. நடு விலக்கு விதியை ('ஒரு கூற்று உண்மை, இல்லையேல் அதன் மறுப்பு உண்மை' என்பதை) ஏற்காத ஆக்கமுறைக் கணிதக்காரர் இந்த நிறுவலைக் கையால்கூடத் தொடமாட்டார்.

மூலைவிட்டம்:
தொடமாட்டார், உண்மை. ஆனால் கணிமைக் கோட்பாட்டின் வரையறை 'ஒரு நிரல் உள்ளது' என்பதோடு நின்றுவிடுகிறது. 'அது எது என்று நமக்குத் தெரியும்' என்று கேட்பதில்லை. அரைப்புள்ளியின் குழப்பம் பிறப்பதே இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால்தான். எந்தப் பட்டியல் சரி என்று கண்டுபிடிப்பது நிறுவல் வேலை. அங்கே தடை வருமானால், எல்லா உண்மைகளையும் நிறுவ முடியாது என்று காட்டிய கோடலிடமிருந்துதான் வரும், டூரிங்கிடமிருந்து நேராக வராது.

அரைப்புள்ளி:
சரி, ஆனால் டூரிங்கின் நிறுவலில் ஒரு குறிப்பிட்ட நிரலைக் கட்டி, அதற்கு விடை சொல்ல முடியாது என்று காட்டுகிறார்களே? அது தனிக் கேள்விதானே?

மூலைவிட்டம்:
அந்த நிறுவலை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். 'சோதி' என்ற நிரல் எந்த நிரலையும் அதன் உள்ளீட்டையும் வாங்கி, தவறாமல் 'நிற்கும்' அல்லது 'நிற்காது' என்று சொல்கிறது என்று வைப்போம். இப்போது 'குதர்க்கி' என்று ஒரு நிரல். அது ஒரு நிரலின் உரையை உள்ளீடாக வாங்கும். 'இந்த நிரலுக்கு அதன் சொந்த உரையையே ஊட்டினால் என்ன ஆகும்?' என்று சோதியிடம் கேட்கும். சோதி 'நிற்காது' என்றால் குதர்க்கி உடனே நின்றுவிடும். வேறு எது சொன்னாலும் முடிவின்றிச் சுழலும். குதர்க்கிக்கு அதன் உரையையே ஊட்டுங்கள். சோதி 'நிற்கும்' என்றால் சுழல்கிறது, 'நிற்காது' என்றால் நிற்கிறது. எப்படிச் சொன்னாலும் சோதிக்குத் தோல்வி.

கவனியுங்கள்: குதர்க்கி சோதியின் உரையைத் தனக்குள் வைத்துக் கட்டப்பட்டது. சோதியை மாற்றினால் குதர்க்கியும் மாறிவிடும். 'எந்தச் சோதியாலும் தீர்க்க முடியாத ஒரு குதர்க்கி' என்று ஒன்று இல்லவே இல்லை. ஒவ்வொரு சோதிக்கும் அதற்கென்று ஒரு குதர்க்கி. 'ஒவ்வொன்றுக்கும் ஒன்று' என்பதற்கும் 'எல்லாவற்றுக்கும் ஒன்று' என்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் பலரும் தவற விடுகிறார்கள்.

வரலாற்றுக் குறிப்பு ஒன்று: 1936 கட்டுரையில் டூரிங் 'நிற்றல்' பற்றிப் பேசவில்லை. முடிவில்லாமல் இலக்கங்களை எழுதிக்கொண்டே போகும் இயந்திரம் எது, முடங்கிப்போவது எது என்பதுதான் அவர் எடுத்த கேள்வி. நிற்றல் சிக்கல் என்ற பெயரும் வடிவமும் 1950களில் வந்தவை.

முடிவிலி:
மேலே உள்ளதில் 'தவறாமல்' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். சோதிக்கு 'தெரியாது' என்ற மூன்றாவது விடையை அனுமதித்தால் முரண்பாடு மறைந்துவிடும். குதர்க்கி கேட்கிறது, சோதி 'தெரியாது' என்கிறது, குதர்க்கி சுழல்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், சோதி ஒருபோதும் பொய் சொல்லாது என்று நம்பும் நமக்கு, குதர்க்கி நிற்காது என்று தெரிந்துவிடுகிறது. சோதிக்கு மட்டும் தெரியவில்லை. இது, 'என்னை நிறுவ முடியாது' என்று தன்னைப் பற்றியே சொல்லும் கோடலின் வாக்கியம் வேறு சட்டை போட்டு வந்திருப்பதுதான்.

நாடாத்தலை:
பிஸி பீவர் வேலை முழுக்க அந்த 'தெரியாது' மேல்தான் நடந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

திபோர் ராடோ 1962இல் வைத்த விளையாட்டு: இரு திசையிலும் முடிவில்லாத நாடா, எல்லாக் கட்டத்திலும் 0, குறியீடுகள் 0, 1 மட்டும். இத்தனை நிலைகள் கொண்ட, நிற்கக்கூடிய இயந்திரங்களில் அதிகபட்சம் எத்தனை படிகள்? ஒரு நிலைக்கு 1, இரண்டுக்கு 6, மூன்றுக்கு 21, நான்குக்கு 107. மூன்று நிலையை 1965இல் லின்னும் ராடோவும் முடித்தார்கள். நான்கு நிலைக்கான பிரேடியின் நிறுவல் 1983இல் வெளியானது. ஐந்துக்கான வெற்றியாளரை மார்க்ஸெனும் பன்ட்ராக்கும் 1989இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதைவிட நீளமாக ஓடி நிற்பது வேறு எதுவும் இல்லை என்று காட்டத்தான் மேலும் 35 ஆண்டு.

ஐந்து நிலைக்குப் பத்துக் கட்ட அட்டவணை. ஒவ்வொரு கட்டத்திலும் 21 வாய்ப்பு: எழுதும் குறி 2, திசை 2, அடுத்த நிலை 5, இவற்றோடு 'நில்' ஒன்று. 21இன் பத்தாம் அடுக்கு 1,66,79,88,09,78,201. இதை அப்படியே ஓட்ட வேண்டியதில்லை. வெற்று அட்டவணையோடு தொடங்குங்கள். ஓடும்போது நிரப்பாத கட்டத்தைத் தொட்டால் மட்டும் அங்கே கிளை பிரியுங்கள். முதல் நகர்வு வலப்பக்கம் என்று கட்டிப்போட்டால் கண்ணாடிப் பிம்பங்கள் போய்விடும். புது நிலைகள் வரிசைப்படிதான் அறிமுகமாக வேண்டும் என்றால் பெயர் மாற்றப் பிரதிகள் போய்விடும். நிறுவல்களைச் சரிபார்க்கும் காக் மென்பொருளில் சரிபார்க்கப்பட்ட நிறுவலில் மிஞ்சியவை 18,13,85,789 இயந்திரங்கள்.

இவற்றில் 4,71,76,870 படிக்குள் நிற்பவற்றை ஓட்டிப் பார்த்தால் போதும். மீதி ஒவ்வொன்றுக்கும் 'நிற்கவே நிற்காது' என்று நிறுவல் வேண்டும். அதற்குப் பல சோதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் 'நிற்காது' அல்லது 'தெரியாது' சொல்லும். தெரியாதவை அடுத்த சல்லடைக்குப் போகும்.

அரைப்புள்ளி:
சல்லடைகள் என்ன? சொந்தமாக எழுதிப் பார்க்கலாமா?

நாடாத்தலை:
தாராளமாக. எளிதிலிருந்து கடினம் வரை.

முதலாவது வெறும் சுழற்சி. நிலை, தலை இருக்கும் இடம், நாடா மூன்றும் முன்பு வந்த அதே அமைப்புக்குத் திரும்பினால் கதை முடிந்தது. எல்லா அமைப்பையும் சேமிக்காதீர்கள். ஓர் அமைப்பை நினைவில் வைத்து, 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் படிகளில் அதைப் புதுப்பித்துக்கொண்டே போனால் நினைவகம் மிச்சம்.

இரண்டாவது நகரும் சுழற்சி. இயந்திரம் அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும், ஒவ்வொரு முறையும் சில கட்டம் தள்ளி. தலை இதுவரை போகாத வலக்கோடிக்குப் போகும் ஒவ்வொரு தருணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அத்தகைய இரு தருணங்களில் நிலை ஒன்றாக இருக்கிறது என்று வையுங்கள். முதல் தருணத்தில் தலை இருந்த கட்டத்திலிருந்து, இரண்டாம் தருணம் வரும் வரை தலை இடப்பக்கம் எவ்வளவு தூரம் பின்வாங்கியது என்று அளக்கவும். அந்தத் தூரத்து நாடா, தலையை ஒட்டி, இரு தருணத்திலும் ஒன்றாக இருந்தால் என்றைக்கும் நிற்காது. இடக்கோடிக்கும் இதே சோதனை தனியாக.

இங்கே தவறு செய்வது மிகச் சுலபம். பின்வாங்கிய தூரத்தை அளக்காமல், 'கடைசி 20 கட்டம் ஒன்றாக இருந்தால் போதும்' என்று ஒரு மாறிலி வைப்பார்கள். அப்படி எழுதிய சோதி, நிற்கும் இயந்திரத்தை 'நிற்காது' என்று சொல்லிவிடும். 'தெரியாது' என்றால் நட்டம் இல்லை. பொய் சொன்னால் மொத்த நிறுவலும் கந்தல். அதனால் எந்தச் சோதியையும் முதலில் நிற்கும் இயந்திரங்கள் மேல் ஓட்டுங்கள். ஒன்றைக்கூட அது 'நிற்காது' என்று சொல்லக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம்: ஒழுங்கு மொழி. அமைப்பை ஒரு சரமாக எழுதி, முடிவுறு தானியங்கி (முடிவுள்ள நினைவு மட்டும் கொண்டு சரத்தைப் படிக்கும் எளிய பொறி) ஒன்று ஏற்கும் சரங்களின் கணத்தைத் தேடுங்கள்; அத்தகைய கணம்தான் ஒழுங்கு மொழி. மூன்று நிபந்தனை. தொடக்க அமைப்பு அதில் இருக்க வேண்டும். அதிலுள்ள எந்த அமைப்பிலிருந்தும் ஒரு படி வைத்தால் அதற்குள்ளேயே விழ வேண்டும். நிற்கும் அமைப்பு எதுவும் அதில் இருக்கக் கூடாது. மூன்றும் சரி என்றால் இயந்திரம் அந்த வேலியைத் தாண்டவே முடியாது. தேடுவது கடினம், சரிபார்ப்பது சில வரி நிரல். ஓரத்தில் சேரும் 0களை மறந்துவிடாதீர்கள்: சரத்தின் இரு முனையிலும் எத்தனை 0 சேர்த்தாலும் தானியங்கியின் விடை மாறக் கூடாது. இதை விட்டால் இரண்டாம் நிபந்தனை பொய்யாக நிறைவேறிவிடும்.

இந்த வேலி எங்கே தோற்கும் என்றால், நாடாவில் இரு பகுதிகளின் நீளம் சமமாக இருப்பதாலேயே இயந்திரம் பிழைத்திருக்கும் இடங்களில். தானியங்கிக்கு எண்ணத் தெரியாது.

பூஜ்யம்:
சல்லடை எல்லாவற்றையும் தாண்டி மிஞ்சியவை?

நாடாத்தலை:
தனித்தனியாகக் கையால். கியோர்கி கியோர்கியேவ் 2003இலேயே 43 முரட்டு இயந்திரங்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தார். 'ஸ்கெலட்' என்ற பெயரில் அவை பிரபலம். அதில் 1ஆம் எண் நகரும் சுழற்சிதான். ஆனால் சுழற்சிக்குள் நுழையவே ஏறக்குறைய 5.4ஐ 10இன் 51ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் அத்தனை படி ஆகிறது, சுழற்சியின் நீளம் 8,46,85,69,863 படி. நேராக ஓட்டிப் பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. படிகளைச் சுருக்கித் தாவும் ஓட்டி எழுத வேண்டியிருந்தது. 17ஆம் எண்ணுக்குள் கிரே குறியீடு (அடுத்தடுத்த எண்களுக்கிடையே ஒரே ஒரு பிட் மட்டும் மாறும் எண் முறை) ஒளிந்திருந்தது.

அரைப்புள்ளி:
அந்த வெற்றியாளர் இயந்திரமே 4,71,76,870 படி ஓடுகிறது என்பதைக் கணினி இல்லாமல் பார்க்க வழி உண்டா?

மூலைவிட்டம்:
உண்டு, அழகான வழி. அட்டவணை இது. நிலைகள் அ, ஆ, இ, ஈ, உ.

அ: 0 என்றால் 1 எழுதி வலம், ஆ. 1 என்றால் 1, இடம், இ.
ஆ: 0 என்றால் 1, வலம், இ. 1 என்றால் 1, வலம், ஆ.
இ: 0 என்றால் 1, வலம், ஈ. 1 என்றால் 0, இடம், உ.
ஈ: 0 என்றால் 1, இடம், அ. 1 என்றால் 1, இடம், ஈ.
உ: 0 என்றால் 1, வலம், நில். 1 என்றால் 0, இடம், அ.

தொடர்ந்து ந எண்ணிக்கையில் 1கள், அவற்றுக்கு உடனே இடப்பக்க 0இல் தலை, நிலை அ. இந்த அமைப்பை 'அடுக்கு ந' என்போம். வெற்று நாடா என்பது அடுக்கு 0. ந-வை 3ஆல் வகுத்து ஈவை க என்று வைத்தால்:

மீதி 0: அடுக்கு 5க + 6க்குப் போகும், 5க² + 19க + 15 படியில்.
மீதி 1: அடுக்கு 5க + 9க்குப் போகும், 5க² + 25க + 27 படியில்.
மீதி 2: 6க + 12 படியில் நின்றுவிடும்.

அடுக்கு 0இலிருந்து 15 படியில் அடுக்கு 6 வருவதைத் தாளில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பிறகு ஓட்டம் இப்படி: 0, 6, 16, 34, 64, 114, 196, 334, 564, 946, 1584, 2646, 4416, 7366, 12284. கடைசி எண்ணை 3ஆல் வகுத்தால் மீதி 2, ஈவு 4094. 24,576 படியில் நிற்கிறது. மீதி 0 வந்த ஏழு தாவல்களின் கூட்டு 1,63,60,615. மீதி 1 வந்த ஏழின் கூட்டு 3,07,91,679. மூன்றையும் கூட்டினால் 4,71,76,870. நாடாவில் மிஞ்சும் 1கள் 4,098.

ஆக இந்த இயந்திரத்துக்குள் இருப்பது கோலட்ஸ் புதிர் மாதிரி, மீதியைப் பொறுத்து அடுத்த எண்ணைத் தரும் ஒரு சார்பு. மீதி 2 எப்போது வரும் என்பதற்குப் பொது விதி எதுவும் தெரியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பதினான்கு தாவல் வரை வராமல் இருந்தது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

பூஜ்யம்:
என் அடுத்த கேள்வி. பிஸி பீவர் மதிப்பு ஒவ்வொன்றும் ஒரு முழு எண். 745 நிலைகளுக்கான மதிப்பை, கணிதத்தின் வழக்கமான அடித்தளமான இசட்எஃப்சி கணக் கோட்பாட்டில் நிறுவ முடியாது என்று படிக்கிறோம். அப்படியானால் அந்த எண் 'கணிக்க முடியாத எண்' தானே?

முடிவிலி:
இல்லை. ஒரு முழு எண் எப்போதும் கணிக்கத்தக்கது. அதை அச்சிடும் நிரல் உண்டு. கணிக்க முடியாதது, நிலை எண்ணிக்கையை வாங்கி மதிப்பைத் தரும் சார்பு. அது கணிக்கத்தக்கதாக இருந்திருந்தால், எந்த இயந்திரத்தையும் அத்தனை படி ஓட்டிப் பார்த்து நிற்றல் சிக்கலை முடித்திருக்கலாம். அதைவிட ஒருபோதும் குறையாத கணிக்கத்தக்க சார்பு ஒன்று கிடைத்தாலும் இதே கதிதான். ஆகவே கணிக்கத்தக்க எந்தச் சார்பாலும் அதை மேலிருந்து மூட முடியாது.

745 கதை வேறு. முதலில் 2016இல் யெடிடியாவும் ஆரன்சனும் 7,910 நிலைகளில் கட்டினார்கள். பிறகு பிறர் குறைத்துக்கொண்டே வந்து 748, 745. அந்த இயந்திரம், இசட்எஃப்சியில் முரண்பாடு ஒன்று இருந்தால் மட்டும் நிற்கும்படி கட்டப்பட்டது. இசட்எஃப்சி முரணற்றது என்று வைத்தால் அது நிற்காது. இப்போது '745 நிலைக்கான மதிப்பு இந்த எண்' என்று இசட்எஃப்சியே நிறுவுகிறது என்று வையுங்கள். அத்தனை படி ஓட்டினால் இயந்திரம் நிற்கவில்லை. இது முடிவுள்ள கணக்கு, இசட்எஃப்சியே செய்துகாட்டும். அதற்கு மேல் நிற்காது என்பது மதிப்பின் வரையறையிலிருந்து வருகிறது. சேர்த்தால் இசட்எஃப்சி தன் முரணின்மையைத் தானே நிறுவிவிட்டது. முரணற்ற இத்தகைய கோட்பாடு தன் முரணின்மையைத் தானே நிறுவ முடியாது என்னும் கோடலின் இரண்டாம் தேற்றம் இதை அனுமதிக்காது.

சமச்சீர் இல்லாததைக் கவனியுங்கள். ஓர் இயந்திரம் உண்மையில் நிற்குமானால் அதற்கு நிறுவல் கட்டாயம் உண்டு: ஓட்டத்தின் பதிவுதான் நிறுவல். நிறுவல் இல்லாமல் போவது நிற்காதவற்றுக்கு மட்டும். 'இது நிற்காது' என்பது இசட்எஃப்சியைச் சாராதது என்று காட்டிவிட்டால், அது நிற்காது என்பதையும் கூடவே காட்டியாயிற்று.

பூஜ்யம்:
சாராதது என்றால் 'நிற்கும்' என்பதையும் முரணில்லாமல் சேர்க்கலாமே. நின்றால் எத்தனையாவது படியில் நிற்கும்?

முடிவிலி:
சேர்க்கலாம். அந்தக் கோட்பாட்டின் மாதிரியில், அதாவது அதன் விதிகள் எல்லாம் பொருந்தும் ஒரு கணித உலகில், இயற்கையல்லாத 'இயல் எண்கள்' இருக்கும். 0, 1, 2 என்று எண்ணிக்கொண்டே போனால் எட்ட முடியாதவை. இயந்திரம் அப்படிப்பட்ட ஒரு படியில் 'நிற்கும்'. நாம் அறிந்த படி எதிலும் நிற்காது. அந்த மாதிரி முரணற்றது, ஆனால் எண்களைப் பற்றிப் பொய் சொல்கிறது.

அரைப்புள்ளி:
பக்கக் கேள்வி: நிஜக் கணினிக்கு நினைவகம் முடிவுள்ளதுதானே, அங்கே இதெல்லாம் பொருந்துமா?

நாடாத்தலை:
கோட்பாட்டளவில் தீர்மானிக்கலாம். 1,024 பைட் மட்டும் கொண்ட பொறிக்கு 2இன் 8,192ஆம் அடுக்கு அமைப்புகள். அவ்வளவு படிக்குள் நிற்காவிட்டால் சுழற்சி. அந்த உண்மையை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

இதையொட்டி ரைஸ் தேற்றத்தையும் அளவுக்கு மீறி இழுப்பார்கள். ஒரு நிரல் கணிக்கும் சார்பின் எந்தக் குணத்தையும் (எல்லாச் சார்புக்கும் பொருந்துவது, எதற்கும் பொருந்தாதது தவிர) பொதுவாகத் தீர்மானிக்க முடியாது என்பது அது. 'வெற்று உள்ளீட்டில் 100 படிக்குள் நிற்குமா' என்பது சார்பின் குணம் இல்லை. ஒரே சார்பை வேகமாகவும் மெதுவாகவும் எழுதலாம். ஓட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும்.

அரைப்புள்ளி:
ஆறு நிலை எங்கே நிற்கிறது?

மூலைவிட்டம்:
'ஆன்டிஹைட்ரா' என்ற ஆறு நிலை இயந்திரத்தில் முட்டி நிற்கிறது. அதன் ஓட்டத்தைச் சுருக்கினால் கிடைப்பது: எண் 8, கணக்கு 0 என்று தொடங்குங்கள். எண் இரட்டை என்றால் கணக்கில் 2 கூட்டு, ஒற்றை என்றால் 1 கழி. பிறகு எண்ணை ஒன்றரையால் பெருக்கிப் பின்னத்தை விடு. கணக்கு −1 ஆனால் இயந்திரம் நிற்கும். 8, 12, 18, 27, 40, 60, 90, 135, 202, 303 என்று போகும். கணக்கு 2, 4, 6, 5, 7, 9, 11, 10, 12, 11.

ஒற்றையும் இரட்டையும் பாதிப்பாதி வந்தால் கணக்கு ஒரு படிக்குச் சராசரி அரை ஏறும். −1ஐத் தொட வாய்ப்பு வரவர மறையும். நிற்காது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் பாதிப்பாதி வரும் என்பதற்கு நிறுவல் இல்லை. ஆறு நிலையின் மதிப்பு வேண்டுமானால் இதைத் தாண்டாமல் வழியில்லை.

அரைப்புள்ளி:
இதை ஓட்டிப் பார்க்க நிரல் எழுதினேன். சில லட்சம் படிக்குப் பிறகு ஆமை வேகம்.

நாடாத்தலை:
எண் ஒரு படிக்கு 0.585 பிட் நீளும். பத்து லட்சம் படியில் சுமார் 5,85,000 பிட். ஒவ்வொரு படியிலும் முழு எண்ணையும் தொட்டால் வேலை படிகளின் வர்க்கமாகப் பெருகும். துண்டாகச் செய்யுங்கள். எண்ணின் கடைசி 64 பிட்டை மட்டும் வெட்டி எடுங்கள். அடுத்த 64 படிகளின் ஒற்றை-இரட்டை முழுவதும் அதற்குள் அடங்கும். மேல்பகுதியை 3இன் 64ஆம் அடுக்கால் ஒரே முறை பெருக்கி, வெட்டிய பகுதியின் 64 படி முடிவைக் கூட்டினால் சரியான எண் வந்துவிடும். துண்டின் நீளத்தை இரட்டித்துக்கொண்டே போய், பெரிய பெருக்கல்களை வேகப் பெருக்கல் நூலகத்திடம் விடலாம். வெட்டிய பகுதி நடுவில் 64 பிட்டைத் தாண்டி வளரும், அதை 64 பிட் மாறியில் வைத்தால் வழிந்து தவறான விடை வரும். 128 பிட் மாறி போதும். இன்னொன்று: துண்டின் இறுதியில் மட்டும் கணக்கைப் பார்க்காதீர்கள், நடுவில் −1ஐத் தொட்டுவிட்டு மேலே ஏறியிருக்கலாம். துண்டு தொடங்கும்போது கணக்கு 64 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலை இல்லை, 64 படியில் 64க்கு மேல் இறங்காது. குறைவாக இருந்தால் அந்தத் துண்டை மட்டும் படிப்படியாக ஓட்டுங்கள்.